தேனிலவுத் தீவும் வெண்மணலும்

திருமணம் முடித்த இளந்தம்பதியர் தேனிலவுக்கு நாடிச் செல்லும் இடங்களுள் மாலைதீவும் ஒன்று. இலங்கைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பவை 200 அளவே. முதல் உல்லாச விடுதி 1972 ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

மணமக்கள் கைகோத்து நடக்கும் வெண்மணல் எங்ஙனம் உண்டாயிற்று? முருகைக்கற் பாறையிற் படர்ந்த பாசியைக் கிளிமீன் கல்லோடு சுரண்டித் தின்கின்றது. அது கழிக்கும் கற்பொடியே மணலின் பெரும்பங்கு! அப்பாறையே அலையைத் தடுக்கும் மதிலுமாகும்.

1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் அளவுமீறிச் சூடேற, முருகைகள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. 2016 இலும் அவ்வாறே நேர்ந்தது. நிலத்தின் பெரும்பகுதியோ கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரமும் இல்லாதது. இவ்வாபத்தை உலகுக்கு உணர்த்தவே, 2009 இல் அந்நாட்டு அமைச்சரவை கடலடியிற் கூடியது.

ஆதலின், அங்கு செல்லும் தம்பதியர் முருகையை மிதியாதிருப்பாராக. நினைவுப் பொருளென்று பெயர்த்தெடாதிருப்பாராக. தேனிலவு சில நாள்களே. அம்மணலோ, அவர்தம் பிள்ளைகளும் நடப்பதற்கு உரியதன்றோ?