மூளைப் படத்தில் மூச்சின் குறும்பு

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 18 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூச்சு, மூளையைப் படம் பிடிக்கும் விஞ்ஞானிகளை ஏமாற்றிவிடக் கூடும். எப்படி?

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினும், அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைக் கொண்டு மூளையின் செயலை அறியலாம் என்று 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸெய்ஜி ஒகாவா குழுவினர் எலிகளிடம் சோதித்துக் காட்டினர். இன்று மூளைக் கட்டியை அகற்றுமுன், பேச்சுக்கும் கையசைவுக்கும் உரிய பகுதிகளை அறிய மருத்துவர்கள் இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். படம் தவறினால் கத்தியும் தவறலாம் அல்லவா?

ஆனால், இதில் தெரியும் மாற்றம் நூற்றுக்குச் சில பங்குதான். மூச்சு விடும்போது மார்பு அசைவதால் தலையிலுள்ள காந்தப்புலமும் சற்றே மாறுகிறது. மூளை வேலை செய்யாமலே படத்தில் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். வேண்டாத இந்த மாற்றத்தையே 'இரைச்சல்' என்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 15 வினாடி விரலை அசைக்கிறார். 15 வினாடி ஓய்வெடுக்கிறார். கருவி 3 வினாடிக்கு ஒரு படம் எடுக்கிறது. அவருடைய ஒரு மூச்சுக்கு 3⅓ வினாடி. எனவே ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைவிட, மூச்சின் ⅓ வினாடி முந்திய கட்டத்தில் விழும். பத்துப் படங்களில், அதாவது 30 வினாடியில், ஒரு சுற்று முடிந்துவிடும். வேகமான மூச்சு 30 வினாடி அலையாகத் தோன்றும்! விரல் அசைவின் சுற்றும் 30 வினாடிதானே? சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

இதற்குப் பரிகாரம் என்ன? வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி மூச்சைத் தனியே பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு படமும் மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, அக்கட்டத்தைப் பொறுத்து வரும் மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். 2000-ல் கேரி குளோவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை இது.

கழிப்பதிலும் கவனம் வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி, இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இதுவும் படத்தில் தெரியும். விரலை அசைக்கும் போதெல்லாம் ஒருவர் மூச்சை அடக்கினால், இரைச்சலோடு உண்மைச் செய்தியையும் சேர்த்துக் கழித்துவிட நேரலாம். ஆகவே, அசைவு நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஒரே சீராக வைக்காமல் மாற்றி மாற்றி அமைப்பதும் உண்டு.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: மூச்சு நிமிடத்திற்கு 15 ஆனால், அதே கருவியில் அது எத்தனை வினாடி அலையாகத் தோன்றும்?