ஹால்விங் பேரில் பணம் கேட்டால்

"ஹால்விங் வருது, இப்போ போட்டா பத்து மடங்கு" என்று டெலிகிராம் குழுவில் வந்த செய்தியை நம்பிப் பணம் போட்டவர்கள் அடுத்து ஒரு தவறும் செய்கிறார்கள். ஏமாந்தது தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு வாரக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறிப் போய்விடுகிறது.

பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தின் பேரேட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைத் தொகுப்பு, சேரும். சேர்க்கும் மைனருக்குப் புது நாணயம் கூலி. 2009-ல் அது 50. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும், ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பாதியாகும். இதுதான் ஹால்விங். 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. அடுத்தது 2028 வாக்கில். எல்லாம் மென்பொருளிலேயே எழுதியிருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த கணக்கை 'உள்தகவல்' என்று விற்பவனிடம் என்ன பேச்சு?

வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது வாதம். 2020 மே மாத ஹால்விங்கின்போது 8,600 டாலர் அளவில் இருந்த விலை 2021 நவம்பரில் 69,000-ஐத் தொட்டது. அடுத்த ஓராண்டில் 16,000-க்கு விழுந்ததும் அதே நாணயம்தான். அந்த வரைபடத்தைக் குழுவில் யாரும் போடுவதில்லை. 2024-ல் ஹால்விங்குக்கு முந்தைய மாதமே விலை 73,000-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஜனவரியில் அனுமதி பெற்ற பிட்காயின் இ.டி.எஃப். நிதிகளில் கொட்டிய பணம் அதற்குப் பெரிய காரணம். ஹால்விங்கால் குறைந்ததோ நாளுக்கு 450 நாணயம். ஏற்கெனவே வெளியே வந்திருந்தது 1.9 கோடிக்கும் மேல். நாலே முறை நடந்ததை வைத்து ஜோசியம் சொல்லாதீர்கள்.

மைனருக்குக் கூலி ஒரே நாளில் பாதியாகும். கரண்ட் பில் பாதியாகாது. ஆகவே 'மைனிங் பேக்கேஜ், மாதாமாதம் நிலையான வருமானம்' என்பது பொய். 2015-ல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 சதவீதம், 18 மாதத்துக்கு என்று ஆசை காட்டியது. அது தொடர்பான மோசடி வழக்குகள் இன்று சி.பி.ஐ. கையில்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நாளைக்கு அல்ல, உடனே. பணம் வங்கிக் கணக்கில் இருக்கும்போதே முடக்குவதுதான் எளிது. பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, வங்கி தரும் யூ.டி.ஆர். எண், எதிராளியின் கணக்கு எண் அல்லது யூ.பி.ஐ. முகவரி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் வாலட் முகவரியும் பரிவர்த்தனை ஹாஷும் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். அந்த எண்ணோடு உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை பெறுங்கள். கோபத்தில் சிலர் சாட் உரையாடலை அழித்துவிட்டு வருகிறார்கள். அதுதான் சாட்சியம், அழிக்காதீர்கள்.

அடுத்து மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். "உங்க பேராசைக்கு நாங்க என்ன பண்றது" என்று உபதேசம் செய்து அனுப்பும் அதிகாரிகள் உண்டு. உபதேசம் கேட்கவா போனீர்கள்? குறைந்தது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கிரிப்டோவை நேர்மையாக வாங்கி விற்பவர்களும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவானதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் பணத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

கடைசியாக, புகார் கொடுத்த சில நாளில் "உங்க பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவர் அழைப்பார். வக்கீல் என்பார், சைபர் போலீஸ் என்பார். 1930-லும் இணையதளத்திலும் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.