உறுப்பு கிடைத்த பிறகு: சிகிச்சையின் மறுபாதி யார் பொறுப்பு?

உடல் உறுப்புக் கொடையில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் இங்கு 2008இல் தொடங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் துணையால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவற்றில் கூலித் தொழிலாளியும் மாற்றுச் சிறுநீரகம் பெற முடிகிறது. சமூகநீதி நோக்கில் இது பெரும் முன்னேற்றமே. ஆனால், பொருத்தப்பட்ட சிறுநீரகம் எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பது அறுவை அரங்கில் மட்டும் முடிவாவதில்லை. நோயாளி திரும்பிச் செல்லும் வீடும் தெருவும் தொழிலும் அதில் பங்கு வகிக்கின்றன. நம் நாட்டில் இம்மூன்றையும் பெரிதும் வரையறுப்பது சாதி.

மருந்திலிருந்து தொடங்குவோம். அயல் உறுப்பை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்கி அழிக்க முனையும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரட்னிசோலோன் போன்ற மருந்துகள் தேவை. அவ்வுறுப்பு இயங்கும்வரை இவற்றை நிறுத்தலாகாது. டாக்ரோலிமஸைப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். மிகுந்தால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் விலையின்றித் தரப்படுகின்றன. ஆயினும் தொலைவிலுள்ள பெருநகருக்குச் சென்று அவற்றை வாங்கிவர நோயாளி ஒருநாள் கூலியை இழக்கிறார். உடன் வருபவரும் இழக்கிறார். பேருந்துக் கட்டணம் வேறு. இவ்வாறு விடுபடும் வேளைகளை ‘நோயாளியின் அலட்சியம்’ என்று மருத்துவக் குறிப்பு பதிவு செய்யுமானால், வறுமை அங்கே குற்றமாகிவிடுகிறது.

அடுத்தது தொற்று. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலுக்கு முதல் சில மாதங்கள் மிகுந்த இடர் நிறைந்தவை. தனி அறை, தூய குடிநீர், சுத்தமான கழிப்பறை என்று மருத்துவர் அறிவுறுத்துகிறார். ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் குடியிருப்பில், கழிவுநீர் ஓடையை ஒட்டிக் குடிநீர்க் குழாய் செல்லும் சேரியில், அவ்வறிவுரையை எவ்வாறு கடைப்பிடிப்பது? நெருக்கடியான வீடுகளில் எளிதில் பரவும் காசநோய் மேலும் சிக்கலானது. அதற்குரிய ரிஃபாம்பிசின் மருந்து, டாக்ரோலிமஸின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும்.

மூன்றாவது தொழில். கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும், கழிவுநீர்க் குழிகளில் இறக்கப்படுவோரில் பெரும்பாலோர் தலித்துகளே. மாற்றுறுப்பு பெற்ற ஒருவர் அவ்வேலைக்குத் திரும்புவது உயிருக்கே ஊறு. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ மாற்றுப்பணி கோர வழியில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் சிறுநீரகச் செயலிழப்பு இடம்பெறவில்லை. ஆகவே அச்சட்டத்தின் இடஒதுக்கீடும் அவருக்கு எட்டாது.

குடும்பத்தின் நிலையையும் நோக்க வேண்டும். உயிருடன் இருந்து சிறுநீரகம் தருவோரில் பெரும்பாலோர் பெண்கள்: தாய், மனைவி, உடன்பிறந்தாள். ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் வீட்டில் நோயாளியைப் பேணுபவரும், வருவாய்க்காக வயலுக்குச் செல்பவரும் அவர்களாகவே இருப்பதால், தம் உடலைக் கவனிக்கும் வாய்ப்பு கடைசியாகவே வருகிறது. உறுப்பு நிராகரிக்கப்படுமோ என்ற அச்சமும், பிறர் உடலுக்குக் கடன்பட்டோம் என்ற குற்றவுணர்வும் நோயாளியை வாட்டும்போது, அதைக் கேட்கவும் ஆளில்லை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அவ்வழியில் மாற்றுறுப்பு மருந்துகளையும் கொண்டுசேர்க்கலாம். மருந்தளவுப் பரிசோதனைக்கான இரத்த மாதிரியை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே எடுக்கலாம். தூய்மைப் பணியாளருக்கு ஊதியக் குறைவின்றி மாற்றுப்பணியும், கொடையளித்த பெண்ணுக்கு ஆண்டுப் பரிசோதனையும், குடும்பத்துக்கு உளவியல் ஆலோசனையும் உரிமையாக்கப்பட வேண்டும்.

இவை நிறைவேறும்வரை இயக்கத் தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை உண்டு. மருந்து வேளைகளையும் பரிசோதனை நாள்களையும் எளிய தமிழில் எழுதித் தரலாம். மருத்துவமனைக்குத் துணை செல்லலாம். காப்பீட்டு விண்ணப்பங்களை நிரப்ப உதவலாம். குடியிருப்பின் குடிநீருக்காகவும் சாக்கடைக்காகவும் நடத்தும் போராட்டத்தில், இந்நோயாளியின் பெயரையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம்.