அவசர மருத்துவத்தில் கையடக்க மீயொலிக் கருவி

கையடக்க மீயொலிக் கருவி என்பது நோயாளியின் படுக்கையருகிலேயே வைத்து, உடலின் உட்பகுதிகளை உடனுக்குடன் திரையில் பார்க்க உதவும் சிறிய ஸ்கேன் கருவி ஆகும். மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் உள்ள பெரிய இயந்திரமும் இதுவும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. கேட்கப்படும் கேள்விதான் வேறு. ஸ்கேன் அறையில் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என ஒவ்வோர் உறுப்பையும் அளந்து விரிவான அறிக்கை எழுதுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில், மூச்சுத் திணறலோடும் மயக்கத்தோடும் வந்த நோயாளியின் முன் நிற்கும் மருத்துவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா? நுரையீரல் அசைகிறதா? ஒரு நேரத்தில் இப்படி ஒரே கேள்வி. அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை ஓரிரு நிமிடங்களில் தேவை.

செயல்படும் விதம்

மனிதக் காதுக்கு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. மருத்துவ ஸ்கேன் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 20 லட்சம் முதல் 150 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைப் பயன்படுத்துகின்றன. கையில் பிடிக்கும் முனையை மருத்துவமனைகளில் புரோப் என்பார்கள். அதில் உள்ள படிகங்கள் மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியை எழுப்பும். திரும்பி வரும் எதிரொலி பட்டதும் மீண்டும் மின்சாரத்தை உண்டாக்கும். படிகங்களின் இந்தப் பண்பை 1880இல் கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள்.

உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்லும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள உறுப்பில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான நேரம்தான் ஆகும். எவ்வளவு நேரம் கழித்து எதிரொலி வந்தது, எவ்வளவு வலுவாக வந்தது என்ற இரண்டையும் கொண்டு கணினி படம் வரைகிறது. நீரும் இரத்தமும் எதிரொலியை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. எனவே அவை திரையில் கறுப்பாகத் தெரியும். அவசர மருத்துவர் தேடுவது பெரும்பாலும் இந்தக் கறுப்பைத்தான். காற்றோ ஒலியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். புரோப்புக்கும் தோலுக்கும் இடையே காற்று நிற்காமலிருக்கவே சில்லென்ற ஜெல்லைத் தடவுகிறார்கள்.

கப்பல் கட்டும் நகரில் தோற்றம்

வயிற்றை மீயொலியால் ஆராயும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட். உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் மீயொலிக் கருவி இருப்பதை அறிந்த அவர், 1955இல் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. கெட்டியான கட்டியும் நீர்க்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன.

அதன் பின் வந்த ஒரு நோயாளியால்தான் பிறர் இதைக் கவனிக்கத் தொடங்கினர். வயிறு பெரிதாக வீங்கிய ஒரு பெண்ணுக்கு இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவாகியிருந்தது. டொனால்ட் கருவியை வைத்துப் பார்த்தபோது வயிற்றில் பரவிய நீருக்குப் பதிலாக, தெளிவான விளிம்புள்ள ஒரு மிகப் பெரிய நீர்க்கட்டி தெரிந்தது. அது சினைப்பைக் கட்டி. அறுவைச் சிகிச்சையில் அதை அகற்றினர், அவர் பிழைத்தார். டொனால்ட், ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகிய மூவரின் கட்டுரை 1958இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

அக்காலக் கருவிகள் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். போர்க்களத்தில் காயம்பட்டவரிடம் எடுத்துச் செல்லக்கூடிய கருவி வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1990களில் நிதி அளித்தது. அதன் விளைவாக 1999இல் 'சோனோசைட் 180' விற்பனைக்கு வந்தது. எடை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. இன்று கைப்பேசியுடன் இணைத்துச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய கருவிகளும் உள்ளன.

வயிற்றுக்குள் இரத்தம்: ஃபாஸ்ட் பரிசோதனை

விபத்தில் அடிபட்டவருக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். முன்பு இதை அறிய, தொப்புளுக்கருகே சிறிதாக வெட்டிக் குழாய் செருகி, ஒரு லிட்டர் உப்பு நீரை உள்ளே விட்டு, வெளியே வரும் நீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். 1965இல் அறிமுகமான அந்த முறை துல்லியமானது. ஆனால் அதுவே ஒரு சிறு அறுவை. அதன் இடத்தை 1990களில் ஃபாஸ்ட் என்ற மீயொலிப் பரிசோதனை பிடித்துக்கொண்டது.

இதில் பார்ப்பது நான்கு இடங்கள். வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள பள்ளம், இடப்பக்கம் மண்ணீரலைச் சுற்றிய பகுதி, இடுப்புக்குழி, இதய உறை. மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றில் இரத்தம் கசிந்தால் அது தாழ்வான இடம் நோக்கித்தான் ஓடும். முதல் மூன்றும் அத்தகைய பள்ளங்கள்.

எவ்வளவு இரத்தம் சேர்ந்தால் திரையில் தெரியும்? இதை 1995இல் ஓர் ஆய்வு நேரடியாக அளந்தது. நோயாளிகளின் வயிற்றுக்குள் உப்பு நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, எப்போது கறுப்புப் பட்டை தெரிகிறது என்று மருத்துவர்களைச் சொல்லச் சொன்னார்கள். சராசரி 619 மில்லிலிட்டர். 400 மில்லிலிட்டருக்குள் கண்டுபிடித்தவர்கள் பத்தில் ஒருவர்தான். எனவே அடிபட்ட சிறிது நேரத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று வரும் விடையை "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரை மணி கழித்து மீண்டும் பார்க்கும்போது கறுப்புப் பட்டை தோன்றியிருக்கலாம். வயிற்றுக்குப் பின்புறமாக, சிறுநீரகத்தைச் சூழ்ந்த பகுதியில் கசியும் இரத்தம் இந்தப் பள்ளங்களுக்கு வருவதே இல்லை. நோயாளியின் உறவினர்களுக்கு இது விளங்காமல், "ஸ்கேன்தான் எடுத்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு சி.டி. ஸ்கேன்?" என்று கோபப்படுவது உண்டு. முதல் ஸ்கேன் ஒரே கேள்விக்கான விடை. மற்றக் கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

குதிரையிடமிருந்து வந்த பாடம்

காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், காற்று நிறைந்த நுரையீரலை மீயொலியால் பார்க்க முடியாது என்றே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. உள்ளே பார்க்க முடியாது என்பது சரிதான். ஆனால் மூச்சு விடும்போது நுரையீரலின் மேற்பரப்பு மார்புச் சுவரின் உட்புறத்தில் வழுக்கிச் செல்வது திரையில் மினுமினுப்பாகத் தெரியும். நுரையீரலில் ஓட்டை விழுந்து, அதற்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் அந்த வழுக்கல் மறைந்துவிடும். இதை 1986இல் முதலில் எழுதியவர் ஒரு கால்நடை மருத்துவர், நோயாளி குதிரை. மனிதர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தவர் பாரிஸ் நகரத் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன். கடும் மூச்சுத் திணறலுடன் வந்த 260 பேரை நுரையீரல் ஸ்கேன் மூலம் ஆராய்ந்து, 90.5 விழுக்காட்டினருக்குச் சரியான காரணத்தைச் சொல்ல முடிந்ததாக 2008இல் அவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்டனர்.

அடிபட்டுப் படுத்திருப்பவரின் மார்பில் இப்படிப் புகுந்த காற்றைக் கண்டுபிடிப்பதில் எக்ஸ்ரேயைவிட மீயொலி மிக மேலானது. 2020இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி மீயொலி நூறில் 91 பேரிடமும், எக்ஸ்ரே 47 பேரிடமும் அதைக் கண்டுபிடித்தன. படுத்த நிலையில் காற்று முன்பக்கம் மிதந்து பரவிவிடுவதால் எக்ஸ்ரே படத்தில் அது எளிதில் தெரிவதில்லை.

நின்றுபோன இதயம்

நாடி இல்லை, மூச்சு இல்லை, ஆனால் இ.சி.ஜி. திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய நோயாளியின் இதயத்தில் மின்னோட்டம் மட்டும்தான் மிச்சமா, அல்லது தசை மெலிதாகவேனும் சுருங்குகிறதா என்பதைக் கையால் நாடி பார்த்துச் சொல்ல முடியாது. மீயொலி அதைக் காட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 20 மருத்துவமனைகளில் 793 நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், இதய அசைவு தெரிந்தவர்களில் 3.8 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினர். அசைவே தெரியாதவர்களில் 0.6 விழுக்காட்டினர். இதய உறையில் நீர் இருப்பது தெரிந்து, அது ஊசியால் வெளியேற்றப்பட்ட சிலரிடம் இது 15.4 விழுக்காடு. எண்ணிக்கையில் மிகச் சிலர்தான். ஆனால் கருவி இல்லாதிருந்தால் அந்த நீர் இருப்பதே தெரிந்திருக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மார்பை அழுத்தும் முதலுதவியை நாடி பார்ப்பதற்காக 10 நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது விதி. 2017இல் வெளியான ஒரு காணொளி ஆய்வில், மீயொலி பயன்படுத்தாதபோது இடைவெளி சராசரியாக 13 நொடியாகவும், பயன்படுத்தியபோது 21 நொடியாகவும் இருந்தது. திரையில் படம் சரியாக விழட்டும் என்று காத்திருக்கும் அந்தக் கூடுதல் நொடிகளில் மூளைக்கு இரத்தம் போவதில்லை. இப்போது பல இடங்களில் அழுத்தத்தை நிறுத்துவதற்கு முன்பே புரோப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டு, நிறுத்தியதும் காட்சியைப் பதிவு செய்துகொண்டு, அழுத்தம் மீண்டும் தொடங்கிய பின் பதிவைப் பார்க்கிறார்கள்.

சோதனையில் தேறியதும் தேறாததும்

புதிய கருவி என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. 2006இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், மீயொலி செய்யப்பட்ட விபத்து நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் 64 விழுக்காடு குறைந்தது. ஆனால் அடிபட்டும் நிலை சீராக இருந்த 925 குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில், ஃபாஸ்ட் பரிசோதனையால் சி.டி. ஸ்கேன் எண்ணிக்கை குறையவில்லை, சிகிச்சையும் மேம்படவில்லை. காரணம் தெரியாத இரத்த அழுத்தக் குறைவுடன் வந்த சுமார் 270 பேரிடம் வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்விலும் (2018) உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு இல்லை. சிறுநீரகக் கல் என்று ஐயுறப்பட்ட 2,759 பேரிடம் நடந்த சோதனையோ (2014), முதலில் மீயொலி எடுத்தால் ஆபத்து கூடுவதில்லை, கதிர்வீச்சு குறைகிறது என்று காட்டியது. எல்லா நோயாளிக்கும் பொதுவாகப் பயன்படுத்தும்போது கருவியின் பயன் மங்குகிறது. சந்தேகம் தெளிவாக இருக்கும்போது கூர்மையாகிறது.

விண்வெளியில் ஒரு நோயாளி

இக்கருவியின் வரலாற்றில் மிக அபூர்வமான நோயாளி, பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், ஓர் ஆய்வுக்காகத் தம் கழுத்து நரம்பை மீயொலியால் பார்த்துக்கொண்ட விண்வெளி வீரர் ஒருவருக்கு, அதில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. வலியோ வீக்கமோ எதுவும் இல்லை. வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பூமியிலிருந்த வல்லுநர்கள் சொல்லச் சொல்ல அவரே மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார். நிலையத்தில் உறைவைத் தடுக்கும் ஊசி மருந்து குறைவாகவே இருந்தது. அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேரும்வரை அதை நீட்டிப்பதற்காக அளவைக் குறைத்தார்கள். எடையற்ற நிலையில் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றுவதே தனிச் சிரமம். உறைவு சிறுகச் சிறுகச் சுருங்குவதையும் அதே கருவியால் கண்காணித்தார்கள். பூமிக்குத் திரும்பிய பத்து நாட்களில் அது மறைந்தது. பெயர் வெளியிடப்படாத இந்நிகழ்வை 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பதிவு செய்தது.

இந்தியச் சட்டமும் நடைமுறையும்

இந்தியாவில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக 2009இல் இந்திய மருத்துவக் குழுவின் ஏற்பைப் பெற்றது. ஆனால் இங்கே கையடக்க மீயொலிக் கருவிக்கு வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு சிக்கல் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண் சிசுவை அழிக்கும் கொடுமைக்கு இதே கருவி பயன்பட்டதால், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மீயொலிக் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது என்பதே கையடக்கக் கருவியின் மீது கூடுதல் ஐயத்தை உண்டாக்கியது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதைப் பதிவு பெற்ற வளாகத்தில் உள்நோயாளிகளுக்கோ, பிற மருத்துவச் சேவைகளும் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலோ மட்டுமே பயன்படுத்தலாம். விதி காரணமின்றி வந்ததல்ல. இருந்தும், கருக்குழாயில் கரு தங்கி அது வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் பெருகிய நிலையில் மயங்கி வரும் இளம்பெண்ணுக்குத்தான் இந்தக் கருவி ஓரிரு நிமிடங்களில் மிகப் பெரிய உதவியைச் செய்யும். சட்டம் மிகக் கவனமாகக் காவல் காப்பதும் அவளுடைய வயிற்றைத்தான். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் ஸ்கேனுக்கு எஃப் படிவம் நிரப்பிப் பாதுகாக்க வேண்டும். எனவே அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கருவி பதிவு பெற்றிருப்பதும், அதை இயக்குபவர் உரிய தகுதியுடையவராக இருப்பதும், படிவங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் நோயாளி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.