உங்க தோட்டத்துல குளிர் எப்படி?

மார்கழி, தை என்றால் மலைநாட்டில் குளிரத்தான் செய்யும். அதை யாரும் ஒரு புதினமாகப் பேசுவதில்லை. ஆனால் கார்த்திகை விளக்கு வைத்த கையோடு, பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளியைத் தேட வேண்டி வந்துவிட்டால் பேச்சே வேறாகிவிடும். பிரட்டுக்களத்தில், பஸ் ஸ்டாண்டில், கலியாண வீட்டுப் பந்தலில், எங்கே நாலு பேர் கூடினாலும் முதல் கேள்வி, "உங்க பக்கம் குளிர் எப்படி மச்சான்?" என்பதுதான்.

நானுஓயாப் பக்கத்து நண்பர், "விடியக்காலம் எழும்பிப் பார்த்தா புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையா கெடக்கு" என்பார். "உங்களுக்கு என்ன அண்ணே, பத்து மணிக்கு வெயில் வந்துருது. எங்களுக்கு மூணு நாளா சூரியனையே காணோம், உடுப்பு காயல" என்பார் பசறைக்காரர். அட்டன்காரர், இரவில் பல் கிட்டுகிறது, பகலில் தலை வெடிக்கிறது என்று சொல்வார். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தால், "எங்க ஊரு குளிருல மாடே செத்துச்சு, தெரியுமா?" என்று எல்லோரையும் மடக்கிவிடுவார்.

தன் ஊர்க் குளிர்தான் பெரிய குளிர் என்று ஆளாளுக்குச் சாதிப்பார்கள். விஷயம் என்னவென்றால், இந்த நாலு பேர் சொல்வதும் உண்மை. நாலும் நாலு விதமான குளிர். எது எப்படி வருகிறது என்று தெரிந்தால், நம் லயத்துக்குள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் உயரம். கடல் மட்டத்திலிருந்து 1000 அடி மேலே ஏறினால் சுமார் 2 பாகை செல்சியஸ் குறையும். அட்டன் ஏறக்குறைய 4100 அடி, நுவரெலியா 6200 அடி. ஆகவே இரண்டுக்கும் இடையில் 4 பாகை வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஜனவரி மாத இரவில் கொழும்பில் சராசரியாக 22 பாகை போல இருக்கையில், நுவரெலியாவில் 9 அல்லது 10 பாகைதான். கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் உயரம் மட்டும்தான் காரணம் என்றால், ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷன்தான் எப்போதும் கூடக் குளிர வேண்டும். அப்படி நடப்பதில்லையே. உறைபனி விழுந்த காலையில் மேல்மலையில் ஒன்றும் இராது, கீழே ஆற்றோரத்துத் தேயிலைதான் வெள்ளையாகக் கிடக்கும். நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போகும்போது பெரியவர்கள் பல பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் வானம். பகலில் வெயிலில் சூடேறிய மண், இரவில் அந்தச் சூட்டை மேலே விட்டுவிடும். வானத்தில் மேகம் இருந்தால் அது மண்ணுக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. போகிற சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவில் சூடு முழுக்கப் போய்விடும். மண்ணை ஒட்டிய காற்று ஆறிப்போய்ப் பாரமாகும். பாரமான காற்று தண்ணீர் மாதிரிதான், சரிவு பார்த்து இறங்கி, பள்ளத்தில் தேங்கி நிற்கும். மழைத் தண்ணீர் எந்தப் பள்ளத்துக்குப் போகுமோ, குளிர்க் காற்றும் அங்கேதான் போகும். அதனால்தான் ஆற்றோரத்து லயத்துக்காரர் நடுங்குகிற இரவில், மேட்டு லயத்துக்காரர் "அவ்வளவு குளிர் இல்லையே" என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் "பனி பொழிந்தது" என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டுப் படத்தில் வருவது போல அது வானத்திலிருந்து பொழிவதில்லை. காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேலும் இலையின் மேலும் வந்து அங்கேயே உறைவதுதான் உறைபனி. "ரேடியோவுல 4 பாகைன்னு சொன்னாங்க, பூச்சியத்துக்குப் போகாம எப்படி உறையும்?" என்று கேட்பவர்களும் உண்டு. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பமானியைத் தரையில் வைப்பதில்லை. ஆள் நெஞ்சு உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த உயரத்தில் 4 பாகை இருக்கும்போது, தரையில் கிடக்கும் புல் பூச்சியத்துக்குக் கீழே போய்விடலாம்.

நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா, அம்பேவலைப் பக்கங்களில் உறைபனி வழக்கமாக ஜனவரி, பெப்ரவரியில்தான். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கிழக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மேற்குப் பக்கத்துக்கு வறண்ட காற்றாக வந்து சேரும் காலம் அது. சில வருஷங்களில் டிசெம்பரிலேயே மழை ஓய்ந்து வானம் வெளுத்துவிடும். அப்போது குளிர் முந்திக்கொள்ளும். அதே நாட்களில் பசறை, பதுளை, லுணுகலைப் பக்கம் மழைக்கால நடு. அங்கே மேகக் கம்பளி இருப்பதால் இரவில் பெரிதாக இறங்காது. ஆனால் பகலில் ஏறவும் ஏறாது. ஆகவே அட்டன்காரருக்கு இரவுக் குளிர், பசறைக்காரருக்கு பகல் குளிர். யார் பாவம் என்று கேட்டால் நாம் பசறைப் பக்கம்தான் சாய்வோம். காயாத உடுப்போடு மலைக்குப் போகிற கஷ்டம், போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வன்னி உறவினர் சொன்ன மாட்டுக் கதையும் புளுகு இல்லை. 2022 டிசெம்பர் முதல் வாரத்தில் வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' என்ற புயல் உருவாகி, 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே தமிழ்நாட்டுக் கரையைக் கடந்தது. அந்தப் புயலை ஒட்டிய காற்றோட்டம் வட இந்தியப் பக்கத்துக் குளிர்ந்த, தூசி நிறைந்த காற்றை இலங்கை வரைக்கும் இழுத்து வந்தது. தூசியால் வானமே மங்கி, 9ஆம் திகதி நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின.

அங்கே உறைபனி இல்லை. நம் நுவரெலியாவின் சாதாரண இரவுக் குளிர்கூட அங்கே வரவில்லை. பிறகு ஏன் செத்தன? வெட்ட வெளியில் நின்ற மாடுகள் மழையில் முழுக்க நனைந்தன, நனைந்த உடம்பில் விடாமல் காற்றடித்தது. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டுதான் காயும். காற்று அடித்தால் இன்னும் வேகமாக எடுக்கும். வெப்பத்துக்குப் பழகிய மிருகங்கள் அந்தச் சூட்டை ஈடுசெய்ய முடியாமல் விழுந்துவிட்டன. காய்ந்த உடுப்போடு 8 பாகையில் நிற்பவரைவிட, நனைந்த உடுப்போடு 16 பாகையில் காற்றில் நிற்பவருக்கு ஆபத்து கூட இருக்கலாம். கொழுந்து எடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. படங்கு கிழிந்திருந்தால், மழைக் கோட்டு ஒழுகினால், அதைச் சின்ன விஷயமென்று விடாமல் மாற்றிக் கேளுங்கள். வேலை முடிந்து வந்ததும் அடுப்படிக்குப் போகுமுன் ஈர உடுப்பை மாற்றுங்கள்.

குளிர் கூடையையும் தொடுகிறது. வெப்பம் 13 பாகைக்குக் கீழே போனால் தேயிலை துளிர்ப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். உறைபனி பிடித்த கொழுந்து, வெயில் பட்டதும் நெருப்பில் காட்டினது போலக் கருகும். பள்ளத்து மலைகளில் பனிக்காலத்துக்கு முன்னால் கவ்வாத்து வெட்டாமல் விடுவதும், நிழல் மரங்களைக் காப்பதும் இதற்காகத்தான். நிழல் மரமும் இரவில் செடிக்கு ஒரு போர்வை. வேடிக்கை என்னவென்றால், அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் வறண்ட குளிர் அடிக்கிற ஜனவரி முதல் மார்ச் வரைக்கும்தான் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறும். தூளுக்குப் பேர் கூடுகிற காலத்தில் நம் கூடையில் நிறை குறைகிறது. குளிர் முந்துகிற வருஷத்தில் அந்தக் குறைச்சலும் முந்தி வரும். ஆகவே தைப்பொங்கல் செலவுக்குக் கடன் வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு, போஞ்சி போட்டவர்கள் மாலையிலேயே சாக்கால் மூடலாம். மூடாமல் பனி பிடித்துவிட்டால், வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும்.

இனி காம்பராவுக்குள் வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தோம். குளிர் திடீரென்று வந்ததும் நாம் செய்வது, கதவையும் ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் சாக்கைச் செருகி, தகரச் சட்டியில் தணலை அள்ளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பது. புகை இல்லாத தணல்தானே, பிள்ளைக்கு இருமல் வராது என்று நினைக்கிறோம். புகைகிற விறகையாவது மூக்கும் கண்ணும் காட்டிக்கொடுக்கும். புகையாத தணலிலிருந்து வருகிற காபனோரொட்சைட் என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடின அறையில் அது இரத்தத்தில் கலந்து, பிராணவாயு போகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம். படுக்கப் போகுமுன் தணல் சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் அது தடிமன் இல்லை. உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு டொக்டரிடம் போங்கள்.

"ஒரு கிளாஸ் சாராயம் போட்டா குளிர் விட்டுரும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டதும் சூடாகத் தெரிவது மெய்தான். உள்ளே இருக்க வேண்டிய இரத்தம் தோலுக்கு ஓடி வருவதால் அப்படித் தெரிகிறது. தோலுக்கு வந்த சூடு வெளியே போய்விடும். உள்ளுடம்பு இன்னும் குளிரும். குடித்துவிட்டுப் பனியில் ரோட்டோரம் விழுந்து கிடப்பவரைக் கண்டால், "தெளிஞ்சதும் வருவான்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வீட்டில் சேர்த்துவிடுங்கள். சூட்டுக்கு இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி போதும்.

வயது போனவர்களில் இழுப்பு, பிரஷர் உள்ளவர்கள் குளிருக்குப் பயந்து கிளினிக் போகாமல் விடுவதுண்டு. மருந்து தீருமுன் யாராவது இளையவர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எல்லோரையும்விட முந்திக் குளிருவது பச்சைப் பிள்ளை. அதிலும் நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பு இல்லை, நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. கை, கால் சில்லிட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. வயிற்றையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். அதுவும் சில்லென்று இருந்தால், பிள்ளையின் ஈரத் துணியைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்து, இரண்டு பேரையும் ஒரே கம்பளியால் போர்த்த வேண்டும். எந்த அடுப்பும் இதற்கு ஈடில்லை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, குளிரில் அடிக்கடி கொடுக்க வேண்டும். பிள்ளை பால் இழுக்காமல் சோர்ந்து கிடந்தால், அழுகை மெலிந்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் டிஸ்பென்சரி கதவைத் தட்டுங்கள், இல்லையென்றால் ஒரு ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழி நெடுகப் பிள்ளை தாயின் நெஞ்சோடு, கம்பளிக்குள்ளேயே இருக்கட்டும்.