கன்றுக்கு முன் வாய்க்கால்

நிலமும் கடலும் கலக்கும் எல்லையில், நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடல்நீரான ஓதத்தால் நனைந்து கிடக்கும் சேற்றுப் பரப்புகளும், கழிமுகங்களும், உப்பங்கழிகளும், அலையாத்திக் காடுகளும் கடலோர ஈரநிலங்கள் எனப்படுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது, 2006க்குப் பின் அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகிவிட்டது. கடலோரத்தில் கொட்டப்படும் கருங்கல் தடுப்பு, கட்டிய நாளில் இருந்த உயரத்திலேயே நிற்க, அலையாத்திக் காடோ தன் வேர்களால் நீரின் விரைவைக் குறைத்து, அதில் மிதந்து வரும் வண்டலைப் படியவைத்து, உதிர்ந்த இலையையும் மடிந்த வேரையும் அதனோடு சேர்த்துத் தான் நிற்கும் தரையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. கடலோடு சேர்ந்து மெல்ல எழும் இந்த ஆற்றலே ஈரநிலங்களை மீட்க வேண்டியதற்கு முதன்மையான காரணம்.

மீட்பது என்றால் கன்று நடுவது என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். அது பெரும் பிழை என்பதைத் தமிழகத்தின் பிச்சாவரம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த இந்தக் காட்டின் தொன்மைக்கு அருகிலுள்ள சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லையே சான்று. தில்லை என்பது கழிநிலத்தில் வளரும் ஒரு மரத்தின் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் மரங்கள் அனைத்தையும் ஒரே முறையில் வெட்டி எடுக்கும் முறை அங்கு நடைமுறையில் இருந்தது. அந்த இடங்களில் காடு மீளாமல் போனதற்குக் கால்நடை மேய்ச்சலும் விறகு வெட்டுதலுமே காரணம் என்று சுற்றியுள்ள ஊர்மக்கள்மீது நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. உண்மையில் நடந்தது வேறு. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து, உள்ளிருந்த நீர் வற்றி, தரை தாழ்ந்து தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தின்போது அதற்குள் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றதால், உப்பைத் தாங்கும் அலையாத்தி மரங்களுக்கும் ஆகாத களராக அந்த மண் மாறிவிட்டது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து 1993 முதல் மேற்கொண்ட பணி இந்தக் காரணத்தை அறிந்ததில் இருந்தே தொடங்கியது. குழிந்த நிலத்தின் ஊடே முதன்மை வாய்க்கால் ஒன்றை இயற்கையான கழியோடு இணைத்து வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள்போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் அமைத்தனர். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே பரவி, வற்றும்போது உப்பையும் கழுவிக்கொண்டு வெளியேறியது. மண்ணின் உப்புத்தன்மை தணிந்த பின்னரே வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நடப்பட்டன. வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும் என்பதால் தூர்வாருவதற்கும் ஆளும் பணமும் வேண்டும். நடவு விழாவோடு கணக்கை முடித்துவிடும் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். பிச்சாவரம் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

2004 ஆழிப்பேரலையின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக ஆய்வுகள் கூற, அதற்குக் கடலில் இருந்து அந்த ஊர்கள் இருந்த தொலைவும் தரையின் உயரமுமே பெருங்காரணம் என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். அலையாத்திக் காட்டை எதையும் தடுக்கும் அரணாகக் காட்டுவது அதற்கே நன்மை செய்யாது. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே முறித்துப் போட்டது. கடந்த 10,000 ஆண்டுகளின் படிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ.க்கு மேல் உயர்ந்தால் அலையாத்திகளால் ஈடுகொடுக்க இயலாது என்கிறது. அந்நிலையில் காடு உள்நிலம் நோக்கி நகர வேண்டும். ஆனால் அதன் பின்னால் உப்பளமோ, இறால் பண்ணையோ, சாலையோ நின்றால் நகர இடமின்றி நடுவில் நசுங்கிவிடும்.

ஈடுகொடுப்பதற்கு வேண்டிய வண்டலைக் கொண்டுவருவது ஆறு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைபோன்ற நீர்த்தேக்கங்கள் பாசனத்துக்கு உயிர் கொடுத்தாலும், மலையிலிருந்து கரைந்து வரும் மண்ணின் பெரும்பகுதியைத் தம் அடியிலேயே நிறுத்திக்கொள்கின்றன. எஞ்சியதை மணல் குவாரிகள் அள்ளுகின்றன. எனவே கழிமுகத்தின் தலைவிதி கடற்கரையில் மட்டும் எழுதப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள வன்னியம்பட்டி, கடலைக் காணாத கரிசல் வட்டாரத்து ஊர். ஆயினும் அது வைப்பாற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை கண்மாய்களை நிரப்பி மறுகால் பாய்ந்து, ஓடைகளிலும் துணையாறுகளிலும் சேர்ந்து, சாத்தூர் வழியாக வைப்பாற்றில் ஓடி, சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவைத் தொட வேண்டும். நல்ல மழை ஆண்டுகளைத் தவிர அந்த ஆறு வறண்டே கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும் சில நாட்களில்தான் அதன் கழிமுகத்துக்கு நன்னீரும் மலைமண்ணும் சிறிதளவேனும் போய்ச் சேர்கின்றன.