கட்டைவிரலுக்கு நழுவும் தோல்

கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து, நோயாளியின் தோலில் மருத்துவர் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பக்கவாட்டில் தள்ளுகிறார். மற்றவர்களுக்கு அந்த இடம் லேசாகச் சுருங்கி, பழையபடி ஆகிவிடும். இவருக்கு மேல்தோல் விரலோடு நழுவி வந்துவிடுகிறது. அடியில் ஈரமான, சிவந்த புண். ரஷ்ய மருத்துவர் பியோத்தர் நிக்கோல்ஸ்கி 1890களில் விவரித்த சோதனை இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பெம்ஃபிகஸ் என்ற நோயைச் சந்தேகிக்க முதலில் ஒரு விரல் போதும்.

பெம்ஃபிகஸ் தொற்றாது. நம் நோயெதிர்ப்பு மண்டலமே நம் தோலைத் தாக்குவதால் வருவது. பலருக்கு முதலில் வாயில்தான் புண் தொடங்கும்: கன்னத்தின் உட்புறம், உதடு, ஈறு. ரசம் சாதம்கூட இறங்காது. வாய்ப்புண்தானே என்று மாதக்கணக்கில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கி, பல் மருத்துவரையும் பார்த்து, கடைசியில் தோல் மருத்துவரிடம் வருவார்கள். அதற்குள் மார்பிலும் முதுகிலும் தொளதொளவென்று கொப்புளங்கள் கிளம்பியிருக்கும். 1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் புழக்கத்துக்கு வரும்வரை, இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. தோல் உரிந்த இடங்களில் நீரும் புரதமும் கசிந்துகொண்டே இருக்கும். கிருமிகளுக்குக் கதவு திறந்தே கிடக்கும்.

இந்த நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பெரும் வியப்பாக இருப்பது அது குறிவைக்கும் துல்லியம்தான்.

மேல்தோல் என்பது செல்கள் அடுக்கடுக்காக அமைந்த ஒரு மெல்லிய போர்வை. ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு பிணைக்கும் இடங்களுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். ரவிக்கையில் தைக்கும் பிரஸ் பட்டனைப் போல, ஒவ்வொரு செல்லும் தன் பங்குக்குப் பாதியை நீட்டுகிறது. அப்படி நீட்டப்படும் புரதங்களில் ஒன்று டெஸ்மோகிளின். பெம்ஃபிகஸ் கொப்புளத்திலிருந்து எடுத்த சிறு துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டு உருண்டு திரண்டு நீரில் மிதப்பது தெரியும். அடிவரிசைச் செல்கள் மட்டும் கீழ்த்தோலைப் பற்றியபடி, அக்கம்பக்கத்தைத் தொடாமல் தனித்தனியே நிற்கும். கல்லறைக் கற்களின் வரிசை என்பது இதற்கு நோய்க்கூறியல் மருத்துவர்கள் வைத்த பெயர்.

இந்தப் பிளவு எந்த மட்டத்தில் நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் லீவர். செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் பிளந்தால் பெம்ஃபிகஸ். மேல்தோல் முழுவதுமாக அடித்தளத்திலிருந்து கழன்று எழும்பினால் அது வேறு நோய், பெம்ஃபிகாய்டு என்று 1953ல் அவர் பிரித்துக் காட்டினார். பின்னது பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும். கொப்புளங்கள் விறைப்பாக, எளிதில் உடையாமல் இருக்கும்.

1964ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். அவர்கள் வழிவந்த சோதனையை இன்றும் பரிசோதனைக்கூடங்களில் செய்கிறார்கள். பெரும்பாலும் குரங்கின் உணவுக்குழாய்த் துண்டின் மேல் நோயாளியின் ரத்த நீரை ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். செல்லின் உட்புறம் இருளாகவே இருக்கும். செல்லும் செல்லும் சந்திக்கும் விளிம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக மின்னும். குற்றம் நடந்த இடத்திலேயே ஆன்டிபாடி இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் குற்றவாளி அதுதானா, அல்லது வெறும் பார்வையாளனா? 1982ல் கிராண்ட் ஆன்ஹால்ட்டும் சக ஆய்வாளர்களும் நோயாளிகளின் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்துப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார்கள். குஞ்சுகளின் தோலில் கொப்புளம் எழுந்தது. 1991ல் ஜப்பானைச் சேர்ந்த மசாயுகி அமகாயும் அமெரிக்கரான ஜான் ஸ்டான்லியும் சேர்ந்து, பெம்ஃபிகஸின் முக்கிய வகையில் தாக்கப்படும் புரதத்தின் மரபணுவைக் கண்டெடுத்தார்கள். அதைத்தான் இன்று டெஸ்மோகிளின் 3 என்கிறோம்.

டெஸ்மோகிளினில் பல வகைகள் உண்டு. நம் கதைக்கு 1ம் 3ம் போதும். தோலின் மேலடுக்குகளில் ஏறக்குறைய 1 மட்டுமே. அடியடுக்குகளில் இரண்டும் உண்டு. வாயின் உட்புறத்தில் எங்கும் 3தான் தாங்குகிறது. 1 பெயருக்குத்தான் இருக்கிறது. ஒன்று போனால் மற்றது தாங்கிக்கொள்ளும் என்ற ஒரே விதியை மனதில் வைத்துக்கொண்டால், நோயின் முகங்கள் எல்லாம் கணக்குப் போல விடையாகும். ஆன்டிபாடி 3ஐ மட்டும் முடக்கினால் வாய் புண்ணாகும்; தோலை 1 காப்பாற்றிவிடும். 1ஐ மட்டும் முடக்கினால் தோலின் மேலடுக்கு பிளக்கும், வாய்க்கு ஒன்றும் ஆகாது. பிளவு அவ்வளவு மேலோட்டமாக இருப்பதால் கொப்புளம் கண்ணில் படுமுன்பே உடைந்து பொருக்கு மட்டும் மிஞ்சும். இதுவே ஃபோலியேசியஸ் என்ற வகை. இரண்டையும் முடக்கினால் வாயும் போச்சு, தோலும் ஆழமாகப் போச்சு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கைக்குழந்தைகளைப் பற்றியது. ஃபோலியேசியஸ் உள்ள தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகின்றன. ஆனாலும் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் கொப்புளமே இல்லாமல் பிறக்கின்றன. காரணம், பிறந்த குழந்தையின் தோலில் எல்லா அடுக்குகளிலும் டெஸ்மோகிளின் 3 இருக்கிறது. அந்த வகையில் அது பெரியவர்களின் வாய்க்குள் இருக்கும் தோலைப் போன்றது!

இன்னொரு தற்செயலையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியால் வரும் ஒருவகைக் கொப்புளத்தில், தோல் பிளக்கும் மட்டம் அச்சு அசலாக ஃபோலியேசியஸ் போலவே இருப்பதை அமகாயின் குழு கவனித்தது. கிருமி சுரக்கும் நச்சு டெஸ்மோகிளின் 1ஐத் தேடிப்பிடித்து வெட்டுகிறது என்று 2000ல் அவர்கள் காட்டினார்கள். தன் கட்டமைப்பின் எந்த இணைப்பு பலவீனமானது என்பதை நோயெதிர்ப்பு மண்டலம் தவறுதலாகக் கண்டுகொண்டது. கிருமியோ பரிணாமத்தின் வழியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, உடல் ஏன் தன் புரதத்தையே பகையாக எண்ணத் தொடங்குகிறது? இதற்கு ஒரு தடயம் பிரேசிலில் கிடைத்திருக்கிறது. அங்கே உட்பகுதிக் கிராமங்களில் ஃபோலியேசியஸ், ஊர்நோயாகவே இருக்கிறது. தோல் எரிகிற எரிச்சலை வைத்து மக்கள் அதை ஃபோகோ செல்வாஜெம், அதாவது காட்டுத்தீ என்பார்கள். மாத்தோ குரோசோ தோ சுல் மாநிலத்தில் தெரேனா பழங்குடியினர் வாழும் லிமாவோ வெர்தே குடியிருப்பில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்த நோய். லூயிஸ் தியாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அங்கே போய்வந்து ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். 2000ல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: நோயே இல்லாதவர்களில் 55 சதவீதம் பேரின் ரத்தத்தில் டெஸ்மோகிளின் 1க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

ஆன்டிபாடி இருந்தும் தோல் ஏன் உரியவில்லை? டெஸ்மோகிளினின் வெளிப்பகுதி ஐந்து கண்ணிகளாக நீண்டிருக்கிறது. செல்சவ்வை ஒட்டிய ஐந்தாவது கண்ணியில் ஆன்டிபாடி போய் உட்கார்ந்தால் கேடில்லை. நுனியில் இருக்கும் முதலிரண்டு கண்ணிகள்தான் பக்கத்துச் செல்லின் புரதத்தைப் பற்றுபவை; அங்கே உட்கார்ந்தால் பிடி தளரும். ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் ஆன்டிபாடிகள் ஐந்தாவது கண்ணியைக் குறிவைத்தன. நோய் வெளிப்பட்டபோது குறி நுனிக்கு நகர்ந்திருந்தது. ஒரே மூலக்கூறில் சில நானோமீட்டர் தள்ளிப் போனதில் ஒருவர் நோயாளி ஆகிவிடுகிறார்.

தொடக்கப்புள்ளி பூச்சிக்கடியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. மண்சுவரும் ஓலைக்கூரையுமான வீடுகளில், கடிக்கும் பூச்சிகள் மிகுந்த இடங்களில்தான் இந்த நோய் அதிகம். சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது, ஊர் வளர்ந்து வீடுகள் மாற மாறக் குறைந்துபோனது. மணல் ஈயின் எச்சிலில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக எலிகளில் உருவாக்கிய ஆன்டிபாடி, மனித டெஸ்மோகிளின் 1ஐயும் பிடித்துக்கொள்வதாக 2012ல் ஓர் ஆய்வு காட்டியது. மரபணு வாகும் சேர வேண்டும். கடிபட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

நோயின் குறி இவ்வளவு நுண்ணியது. மருத்துவமோ நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டு வீசிய தடிதான். ஸ்டீராய்டு உயிரைக் காத்தது, கூடவே சர்க்கரை நோயையும் எலும்புத் தேய்வையும் தந்தது. 1980களில் டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பஸ்ரிச்சா ஒரு மாற்று முறையைக் கொண்டுவந்தார்: 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை டிரிப்ஸில் கலந்து தொடர்ந்து மூன்று நாள், அதில் ஒருநாள் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்த்து, 28 நாளுக்கு ஒருமுறை. இந்தியாவின் தோல் பிரிவுகளில் ‘பல்ஸ்’ என்றாலே இதுதான். அடுத்து வந்த ரிட்டுக்சிமாப், ஆன்டிபாடிகளுக்கு மூலமான பி செல்களை அழிக்கிறது. பிரான்சில் நடந்த ஆய்வின் முடிவு 2017ல் வந்தது: ரிட்டுக்சிமாபும் குறைந்த கால ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டாண்டு முடிவில் மருந்தின்றி நலமாக இருந்தார்கள், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம். ஆனால் ரிட்டுக்சிமாப் நல்ல பி செல், கெட்ட பி செல் பார்ப்பதில்லை. பல மாதங்களுக்குத் தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏமி பெய்ன் குழு 2016ல் வெளியிட்ட யோசனை நோயின் துல்லியத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு வகைச் செல்லான டி செல்லின் மேற்பரப்பில் டெஸ்மோகிளின் 3ஐத் தூண்டில் இரையாகப் பொருத்திவிடுகிறார்கள். அந்தப் புரதத்தைத் தாக்கும் பி செல் மட்டும் வந்து கவ்வும். கவ்வியதை டி செல் கொன்றுவிடும். மற்ற பி செல்களுக்கு ஆபத்தில்லை. எலிகளில் இது வேலை செய்தது. மனிதர்களில் முதற்கட்டச் சோதனைகளும் தொடங்கின. எலியின் உடலில் சில வாரம் நடந்த வேட்டை, ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழும் மனிதரின் எலும்பு மஜ்ஜை வரை எட்டுமா என்பதை அந்தச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.